லாலாகாட்டிலிருந்து புறப்பட்ட மீட்பு ஹெலிகாப்டர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போர்க்களத்தில் ஹெலிகாப்டர்களின் பங்கைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். விமானப்படையில் இருபது ஆண்டுகள் சேத்தக் ஹெலிகாப்டர்களின் எஞ்சின் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்படியொரு பொருளைத் தமிழில் விரிவாக எழுதியதற்கு முதலில் என் நன்றி. ஆனால், எதிரியின் பகுதிக்குள் விழுந்த விமானியை ஹெலிகாப்டரில் சென்று மீட்பது கொரியப் போரில்தான் தொடங்கியது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது சரியன்று. அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 1944 ஏப்ரல் மாதத்தில், பர்மாக் காட்டில் அது நடந்துவிட்டது. அந்த ஹெலிகாப்டர் கிளம்பியதும் நம் நாட்டிலிருந்துதான். அஸ்ஸாமின் கச்சார் பகுதியில் லாலாகாட் என்ற ஊரிலிருந்த விமானத்தளத்திலிருந்து.

அந்த ஆண்டு மார்ச் மாதம், ஜப்பானியப் படைகளின் முதுகுப்புறத்தில் இறங்கிப் போரிடுவதற்காக ‘சிண்டிட்’ எனப்பட்ட பிரிட்டிஷ் படையினர் கிளைடர்களில் இதே லாலாகாட்டிலிருந்து பர்மாவுக்குள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களுக்கு வான்வழித் துணையாக இருந்தது, கர்னல் பிலிப் காக்ரன் தலைமையிலான அமெரிக்காவின் முதலாம் ஏர் கமாண்டோ குழு. காட்டுக்குள் காயமடைந்தவர்களைச் சிறு விமானங்களில் ஏற்றி வருவதும் அந்தக் குழுவின் அன்றாட வேலையாக இருந்தது. ஏப்ரல் 21 அன்று, காயமடைந்த மூன்று பிரிட்டிஷ் வீரர்களை ஏற்றி வந்த எல்-1 ரகச் சிறுவிமானம் ஒன்று ஜப்பானியரின் பிடியிலிருந்த பகுதியில் விழுந்தது. விமானி எட் ஹ்லாடொவ்சாக்கும் அந்த மூவரும் உயிர் பிழைத்தார்கள். தேடிச் சென்ற விமானங்கள் அவர்களைக் கண்டுபிடித்தும்விட்டன. ஆனால், அங்கே எந்த விமானமும் இறங்குவதற்கு இடமில்லை. காயமடைந்தவர்களைச் சுமந்துகொண்டு நடந்து வெளியேறவும் வழியில்லை. அந்த மலைக்காடுகள் எப்படிப்பட்டவை என்பதை, 1942-இல் பர்மாவிலிருந்து நடந்தே இந்தியா வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பெரியவர்கள் சொல்ல நம்மில் பலர் கேட்டிருப்போம்.

இந்த நிலையில்தான் லாலாகாட்டில் இருந்த லெப்டினன்ட் கார்ட்டர் ஹார்மனுக்கு அழைப்பு வந்தது. அவரிடம் இருந்தது சிகோர்ஸ்கி நிறுவனத்தின் ஒய்ஆர்-4பி ரக ஹெலிகாப்டர். அதன் முதல் மாதிரி பறந்ததே 1942 ஜனவரி 14-இல்தான். அதாவது அந்த இனத்துக்கே அப்போது வயது இரண்டேகால். மரத்தாலும் துணியாலும் ஆன மூன்று இதழ்கள் கொண்ட மேல் விசிறி, 200 குதிரைத்திறனைத் தாண்டாத பிஸ்டன் எஞ்சின், அருகருகே இரண்டே இருக்கைகள். ஒரு முறை எரிபொருள் நிரப்பினால் சுமார் 210 கிலோமீட்டர்தான் போகும். மலைத்தொடரைத் தாண்டி, வழியில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு, பர்மாவுக்குள் ‘அபர்டீன்’ என்று பெயரிடப்பட்டிருந்த சிண்டிட் தளத்தை ஹார்மன் அடைந்தபோது, விமானம் விழுந்து நான்கு நாட்களாகியிருந்தன.

தங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரியில் கடந்துபோயிருக்கும் வெப்பத்தின் தொல்லையைச் சற்று விளக்க விரும்புகிறேன், ஏனென்றால் இந்த மீட்பின் முழுக் கடினமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. காற்று சூடாக ஆக அதன் அடர்த்தி குறைகிறது. அடர்த்தி குறைந்த காற்றில் விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் தூக்கும் விசை குறைவாகவே கிடைக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்றும் மெலிந்துவிடுவதால் அதன் திறனும் சேர்ந்தே இறங்கும். என் பணிக்காலத்தில், ஏழு பேர் அமரக்கூடிய, டர்பைன் எஞ்சின் கொண்ட சேத்தக்கிலேயே இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு மே மாத நண்பகலில், காலையில் ஏற்றிய அதே சுமையை மறுபடியும் ஏற்றிக் கதவைச் சாத்தப் போனபோது, விமானி வெப்பமானியைப் பார்த்தார். அட்டவணையில் விரலை வைத்து ஒரு முறை கணக்குப் போட்டார். பிறகு இரண்டு மூட்டைகளை இறக்கிவிடச் சொன்னார். அவரிடம் அட்டவணையும் இருந்தது, கூடுதல் திறனும் இருந்தது. பர்மாவின் ஏப்ரல் வெயிலில் ஹார்மனிடம் இருந்ததோ, விமானியோடு ஓர் ஆளைத் தூக்குவதற்கே திணறும் எஞ்சின்.

ஆகவே நால்வரையும் ஒவ்வொருவராகத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சிறுவிமானங்கள் இறங்கக்கூடிய ஒரு மணல்திட்டு ஆற்றோரத்தில் இருந்தது. ஏப்ரல் 25 அன்று ஹார்மன் காட்டுக்குள் இறங்கி, காயமடைந்த முதல் வீரரை ஏற்றி அந்த மணல்திட்டில் விட்டார். அங்கே காத்திருந்த விமானம் அவரைக் கொண்டுசென்றது. இரண்டாமவரையும் அப்படியே கொண்டுவந்து சேர்த்த பின் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி நின்றுவிட்டது. எதிரிப் பகுதியில், பழுதான எஞ்சினுக்குப் பக்கத்தில், அந்த மணல்திட்டிலேயே அவர் இரவைக் கழித்தார். எஞ்சின்களோடு பழகியவர்களுக்கு அது எப்படிப்பட்ட இரவு என்பது தெரியும். விடிந்ததும் அது மறுபடி இயங்கியது. மூன்றாவது வீரரையும், கடைசியாக விமானி ஹ்லாடொவ்சாக்கையும் ஏப்ரல் 26 அன்று வெளியே கொண்டுவந்தார். காயமடைந்தவர்களை முதலில் அனுப்பிவிட்டுக் கடைசி ஆளாக ஏறிய அந்த விமானியையும் நாம் மறந்துவிடலாகாது.

கொரியப் போரின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமில்லை. 1950 செப்டம்பர் 4 அன்று விமானி ராபர்ட் வேயினை எச்-5 ஹெலிகாப்டரில் சென்று மீட்டு வந்தார் பால் வான் போவன். அதற்குப் பின்புதான் விமானி மீட்பு என்பது ஒரு நிலையான சேவையாக வளர்ந்தது. அந்தப் போரைப் பற்றிய பகுதியில் ஜான் கெல்ஷின் பெயர் இடம்பெறாததுதான் எனக்கு மனவருத்தம். 1951 ஜூலை 3 அன்று, தாழ்ந்து படிந்திருந்த மேகத்தால் காவல் விமானங்கள் உடன்வர முடியாத நிலையிலும், ஆயுதமில்லாத தம் ஹெலிகாப்டரை மேகத்துக்குக் கீழே இறக்கி, தீக்காயங்களோடு கிடந்த விமானி ஒருவரை மேலே தூக்கிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டு வீழ்த்தப்பட்டார். பிறகு பிடிபட்டுச் சிறைமுகாமிலேயே அதே ஆண்டு இறந்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான ‘மெடல் ஆஃப் ஆனர்’ பெற்ற முதல் ஹெலிகாப்டர் விமானி அவர்தான்.

ஹார்மன் போருக்குப் பின் இசை விமர்சகராகவும் இசையமைப்பாளராகவும் வாழ்ந்தார். ஒருவேளை அதனாலேயே இராணுவ வரலாற்று நூல்களில் அவர் பெயர் ஓரமாகப் போய்விட்டதோ என்று எண்ணத் தோன்றுகிறது.

இந்தக் கட்டுரைத் தொடர் நூலாக வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அப்போது ‘முதல் மீட்பு’ என்னும் பத்தியைத் திருத்தி, 1944 ஏப்ரல் 25, 26 ஆகிய நாட்களையும், லாலாகாட்டின் பெயரையும் அதில் சேர்க்குமாறு கட்டுரையாளரைத் தாங்கள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விமானப்படைத் தொழில்நுட்பப் பணியாளர்,
சூலூர், கோவை மாவட்டம்