ஏறும்போது பிடித்த கார் இறங்கும்போது பிடிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் வாகனப் பக்கத்தில், ஆல் வீல் டிரைவ் உள்ள சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தமிழில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. இந்தக் கார்களை வைத்திருக்கிறவர்கள் தனித்தனியாகப் பட்டுத்தான் எல்லாம் தெரிந்துகொள்கிறோம். ஆனால் நடுவில் ஒரு வரி இருந்தது, நாலு சக்கரத்துக்கும் சக்தி போவதால் மழையிலும் பயமில்லாமல் வேகமாக ஓட்டலாம் என்று. அதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஒன்பது வருடமாக இப்படி ஒரு கார் என்னிடம் இருக்கிறது. இரண்டு லிட்டர் டர்போ, ஆறு கியர் மேனுவல், ஐந்து கதவு. பழைய காராக வாங்கியது, இப்போது ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வாங்கிய இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். மழை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் தண்ணீரோடு கலந்து சாலை வழவழவென்று இருக்கிற நேரம். மேடு ஏறுகிற வளைவுகளில் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கக் கார் ஒட்டிக்கொண்டு ஏறியது, ஒரு சக்கரம்கூட வீணாகச் சுழலவில்லை, ஸ்டீயரிங்கில் சின்ன நடுக்கம்கூட இல்லை. உச்சியைத் தாண்டி இறக்கத்தில் முதல் வலது வளைவு வந்தது. பிரேக்கை மிதித்தேன், பெடல் காலுக்கடியில் கடகடவென்று உதைத்தது, சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் தடுக்கிற ஏபிஎஸ் வேலை செய்கிற உதை அது. ஸ்டீயரிங்கைத் திருப்பியும் மூக்கு நேராகவே போனது. இடது முன்சக்கரம் சரளையில் இறங்கி, ஓரத்தில் வெள்ளையடித்து நட்டிருந்த கல்லுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. பக்கத்தில் இருந்த என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. வீடு போய்ச் சேரும் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி யோசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. பிரேக் எல்லாக் காருக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஆல் வீல் டிரைவ் இருப்பதால் எங்கள் கார் ஒரு அடிகூட முன்னாலேயே நின்றுவிடாது. அது உதவுவது காரை நகர்த்துவதற்கு, வளைவிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போவதற்கு. நிறுத்துவதற்கு டயரும் சாலையும்தான். இதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. முன்சக்கர இழுவை உள்ள சாதாரணக் காராக இருந்திருந்தால், அந்த ஏற்றத்திலேயே சக்கரம் ஒரு தடவை சர்ரென்று சுழன்று, சாலை வழுக்குகிறது என்று எனக்குச் சொல்லியிருக்கும், நானும் காலை எடுத்திருப்பேன். எங்கள் கார் அந்த எச்சரிக்கையைத் தருவதே இல்லை. பிடிப்பு நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே வேகம் ஏற்றுகிறோம், பிரேக்கை மிதிக்கும்போதுதான் இல்லை என்று தெரிகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவையான தூரம், 100ஆக வேகம் கூடினால் ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிவிடும். எத்தனை சக்கரம் இழுத்தாலும் அந்தக் கணக்கு மாறாது. உங்கள் கட்டுரையாளர் தயவுசெய்து அடுத்த தடவை இதை எழுத வேண்டும், ஏனென்றால் அந்த வரியை நம்பி மழையில் மிதிக்கப்போகிறவர் இருபத்தைந்து வயதுப் பையனாகத்தான் இருப்பார்.

டயர் என்றதும் எனக்குப் பட்ட அடுத்த அடியையும் சொல்லியாக வேண்டும். ஒருநாள் ஒரு டயரின் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது, பஞ்சர் ஒட்ட முடியாது. டயர் கடைக்காரர் "சார், ஒண்ணு மாத்தினா போதும், மத்த மூணும் இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்றார், நானும் சரி என்றேன். மற்ற மூன்றிலும் டயர் பள்ளத்தின் ஆழம் 4 மில்லிமீட்டர் மிச்சம், புதியதில் 8. பார்த்தால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. மூன்று மாதம் கழித்து, பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக நகர்த்தினால் பின்பக்கம் விட்டு விட்டு உதற ஆரம்பித்தது. மெக்கானிக் லிஃப்டில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குச் சக்தியை அனுப்புகிற கப்ளிங்கின் எண்ணெயை இறக்கினார். தேன் நிறத்தில் வரவேண்டிய எண்ணெய் கறுப்பாக வந்தது, தீய்ந்த வாடை. வடிகால் போல்ட்டின் நுனியில் இருக்கிற காந்தத்தில் சாம்பலைக் குழைத்து அப்பிய மாதிரி உலோகத்தூள். அவர் அதை விரலில் எடுத்து என் உள்ளங்கையில் தடவினார், இதெல்லாம் உள்ளே இருந்த பாகம் சார் என்றார்.

அப்புறம் ஒரு டேப்பை எடுத்து நாலு டயரையும் சுற்றி அளந்து காட்டினார். என் கார் டயரின் சுற்றளவு சுமார் இரண்டு மீட்டர். 4 மில்லிமீட்டர் தேய்மானம் என்றால் சுற்றளவில் 25 மில்லிமீட்டர் குறைகிறது. அப்படியென்றால் ஒரு கிலோமீட்டருக்குப் புது டயர் 500 சுற்று சுற்றினால் தேய்ந்த டயர் 506 சுற்று சுற்றியாக வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு 600 சுற்று வித்தியாசம். நேர்ச்சாலையில் போனாலும் கார் ஏதோ ஒரு சக்கரம் வழுக்குகிறது என்றே நினைத்துக்கொண்டு, உள்ளே கிளட்ச் தகடுகளை இறுக்கி இறுக்கி விடுகிறது, அவை சூடாகித் தேய்ந்துபோகின்றன. சுபாரு தன் கார்களுக்கு நாலு டயரின் சுற்றளவும் கால் அங்குலத்துக்குள், அதாவது சுமார் 6 மில்லிமீட்டருக்குள் ஒத்திருக்க வேண்டும் என்கிறது. அது டயர் பள்ளத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. விற்றவர் சொல்லவில்லை, டயர் கடையில் சொல்லவில்லை, நான் படித்த எந்தக் கட்டுரையும் சொல்லவில்லை. உரிமையாளர் கையேட்டில் இருந்தது, நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

வண்டி வழியில் நின்றுவிட்டால் முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுத்துக்கொண்டு போக விடக்கூடாது, நாலு சக்கரமும் தரையை விட்டு மேலே இருக்கிற மாதிரி முழு வண்டியையும் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இதையும் இழுக்க வந்தவருக்கு நானேதான் சொல்ல வேண்டியிருந்தது.

என்னோடு வேலை செய்கிற ஒரு அக்கா இதே வகையில் ஹேட்ச்பேக் ஒன்று வைத்திருக்கிறார். அவருடைய குறை முழுக்க வேறு. சஸ்பென்ஷன் கெட்டி, ஒவ்வொரு பள்ளமும் முதுகில் தெரிகிறது, நெரிசலில் கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் வலிக்கிறது என்பார். எரிபொருள் விஷயத்திலும் பொய் சொல்ல வேண்டாம், ஒரே இன்ஜினோடு இரண்டு சக்கர இழுவையில் வருகிற காரைவிட இது கூடுதலாகத்தான் குடிக்கும், ஏனென்றால் எடையும் அதிகம், சுழற்ற வேண்டிய பாகங்களும் அதிகம். ஆனாலும் அவர் விற்கவில்லை. விற்கச் சொன்னால் கோபம் வருகிறது.

ஏன் என்று எனக்குத் தெரியும். ஈரமான வளைவில் அளவான வேகத்தில் நுழைந்து, பாதி திரும்பியதும் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால், பின்பக்கம் கொஞ்சம் குந்தி, யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி கார் வெளியே வரும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மற்றதையெல்லாம் பொறுத்துக்கொள்கிறோம். 1980இல் ஆல் வீல் டிரைவோடு ஆடி குவாட்ரோ வந்த பிறகு ராலி பந்தயத்தின் முகமே மாறியது, 1992இல் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸும் மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷனும் ஒரே வருடத்தில் வந்தன. 1995இல் காலின் மெக்ரே சுபாருவில் உலக ராலிச் சாம்பியன், அடுத்த நாலு வருடமும் டாமி மாக்கினென் மிட்சுபிஷியில் சாம்பியன். அந்தப் பந்தயக் காரின் சாயல் நம் வீட்டு வாசலில் நிற்கிறது என்பது சின்னச் சந்தோஷம் இல்லை.

கட்டுரையில் எல்லா ஆல் வீல் டிரைவையும் ஒன்றாகச் சேர்த்து எழுதியிருந்ததும் சரியில்லை. மேனுவல் கியர் உள்ள இம்ப்ரெசாவில் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற டிஃபரன்ஷியல் ஒன்று நடுவில் இருந்து, முன்னும் பின்னும் எப்போதும் சக்தி போகும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர் போன்றவற்றில் முன்சக்கரம்தான் பிரதானம், தேவைப்படும் அளவுக்குக் கிளட்ச் வழியாகப் பின்னுக்கு அனுப்புவார்கள். 2020இல் வந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸில் முன்னுக்கும் பின்னுக்கும் எவ்வளவு சக்தி என்பதை ஓட்டுநரே 60:40, 50:50, 30:70 என்று தேர்ந்தெடுக்கலாம். ஓட்டுகிற விதம், பராமரிப்பு, எண்ணெய் மாற்றும் கணக்கு எல்லாம் இவற்றில் ஒன்றுக்கொன்று வேறு.

பழைய கார் வாங்க நினைக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. இன்ஜின் சத்தத்தைக் கேட்டு மயங்கிவிடாதீர்கள். முதலில் நாலு டயரும் ஒரே மாடலா, ஒரே தேய்மானமா என்று குனிந்து பாருங்கள். பிறகு கார் நன்றாகச் சூடானதும் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி, எட்டு போடுகிற மாதிரி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். உதறினாலோ பிடித்து இழுத்தாலோ, பின் டிஃபரன்ஷியல் எண்ணெயும் கப்ளிங் எண்ணெயும் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ரசீதோடு கேளுங்கள். இன்ஜின் எண்ணெய் ரசீது எல்லோரிடமும் இருக்கும். இந்த இரண்டுக்கும் இருக்கிறதா என்பதில்தான் காரை வைத்திருந்தவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

உங்கள் நிருபர் புதுக் காரை ஒருநாள் ஓட்டிப் பார்த்து எழுதியது தப்பில்லை. அடுத்த தடவை ஐந்தாறு வருடம் ஓடிய ஒரு காரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், வைத்திருப்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளட்டும். என் கார் வேண்டுமென்றால் தருகிறேன். போன மாதம்தான் நாலு டயரும் ஒன்றாக மாற்றினேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்