ஓட்டை போட்டவரே அடைக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் எலித் தொல்லை பற்றிக் கொஞ்ச நாளாகவே கடிதங்கள் வருகின்றன. எந்த மருந்து நல்லது, எந்தப் பொறி நல்லது, பூனை வளர்க்கலாமா என்று பலரும் எழுதிவிட்டார்கள். எலி வீட்டுக்குள் எந்த வழியாக வருகிறது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. அதை எழுதும் தகுதி எனக்கு ஓரளவு உண்டு. நான் தஞ்சாவூரில் வயரிங் வேலை செய்பவன். விருந்தாளிகள் உங்கள் வீட்டுக் கூடத்தைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது ஃபிரிட்ஜுக்குப் பின்னால், பரண்மேல், ஃபால்ஸ் சீலிங்குக்கு உள்ளே. எலியும் நானும் புழங்கும் இடங்கள் ஒன்றுதான்.

அடைமழை நாட்களிலும் அறுவடை முடிந்த கையோடும் எனக்கு வரும் அழைப்புகள் ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, டிரிப்பர் நிக்கவே மாட்டேங்குது, போட்டா உடனே விழுந்துருது." டிரிப்பர் என்பது மின்கசிவு இருந்தால் கரண்டைத் தானாகவே துண்டித்துவிடும் ஸ்விட்ச். போய் ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தால், கடைசியில் ஃபிரிட்ஜின் பின்பக்கமோ மோட்டாருக்குப் போகும் லைனிலோ வயரின் மேல் உறை காணாமல் போயிருக்கும், செம்பு பளபளக்கும். எலி பசிக்காக வயரைக் கடிப்பதில்லை. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நம் வயரின் பிவிசி உறை அதற்குத் தோதான பதத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். டிரிப்பர் விழுகிற வீட்டுக்காரர்கள் உண்மையில் கொடுத்துவைத்தவர்கள். டிரிப்பரே இல்லாத பழைய வீடுகளில் இதே கடி ஷாக்காகவோ தீயாகவோதான் தெரியவரும். "இந்த டிரிப்பர் ஒரே தொந்தரவு, அதை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வேலைக்கு நான் போவதில்லை.

வாஷிங் மெஷினையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதன் அடிப்பக்கம் பெரும்பாலும் திறந்தே இருக்கும். எலி அந்த வழியாக ஏறி, தண்ணீர் வெளியேறும் குழாயைக் கடித்துவிடும். மெக்கானிக் வந்து பார்ப்பார், குழாயை மாற்றுவார், போவார். அடியில் ஒரு வலைத்தகடு வைத்து மூடலாமே என்று பாதிப் பேருக்குத் தோன்றுவதில்லை. கார் வைத்திருப்பவர்கள் படும் பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

சரி, எப்படி உள்ளே வருகிறது? சுண்டெலிக்குப் பெரிய வாசல் தேவையில்லை. ஒரு பென்சில் நுழைகிற சந்து இருந்தால் குட்டிச் சுண்டெலி புகுந்துவிடும். வளர்ந்த வீட்டெலிக்குக் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை போதும். தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். உள்ளே வந்த பெட்டை எலி மூன்றே வாரத்தில் குட்டி போட்டுவிடும். ஆகவே, ஒன்றுதானே ஓடுகிறது என்று சும்மா இருந்தால் அடுத்த மாதம் பரணில் ஒரு குடும்பமே இருக்கும்.

இனி நான் சொல்லப்போவது எங்கள் தொழில்காரர்களுக்குப் பிடிக்காது. வீட்டில் எலி வரும் ஓட்டைகளில் பெரும்பாலானவற்றைப் போட்டது எலி அல்ல, ஆட்கள். ஏசி மாட்ட வருகிறவர் குழாய் போவதற்குச் சுவரைத் துளைக்கிறார். துளை பெரியது, குழாய் சிறியது. மிச்ச இடத்தில் செய்தித்தாளையோ தெர்மாகோல் துண்டையோ திணித்து, மேலே ஒரு பிளாஸ்டிக் மூடியை ஒட்டிவிட்டுப் போகிறார். பிளம்பர் சமையலறைத் தொட்டியின் கழிவுநீர்க் குழாயை வெளியே விடுவதற்குச் சுவரை உடைக்கிறார். தொட்டிக்குக் கீழே அலமாரி மறைத்துக்கொள்ளும் என்பதால் பூசாமல் விட்டுவிடுகிறார். கேபிள்காரர், இன்டர்நெட்காரர், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் மாட்டுகிறவர் என்று ஆளுக்கொரு ஓட்டை. வெளியிலிருந்து மெயின் வயர் வரும் பைப்பின் வாயும் திறந்தே கிடக்கும். இத்தனையும் போட்டவர்கள் கூலி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டுக்காரர் மருந்துக் கடைக்குப் போவார்.

அடைப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை வாங்கி ஓட்டைக்குள் இறுக்கமாகத் திணித்து, அதன்மேல் சிமெண்ட் பூச வேண்டும். வெறும் சிமெண்ட் மட்டும் பூசினால் ஈரமாக இருக்கும்போதே பெருச்சாளி தோண்டி எடுத்துவிடும். எங்கள் அப்பா காலத்தில் உடைந்த பாட்டில் கண்ணாடியைச் சிமெண்டோடு கலந்து அடைப்பார்கள். அதுவும் நல்ல முறைதான், பிறகு அந்த இடத்தை உடைக்கிறவர் கை பத்திரம். இப்போது டப்பாவில் வரும் ஃபோம் அடிக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், எலி ஒரே இரவில் குடைந்துவிடும். குளியலறைத் தரையில் இருக்கும் சல்லடை மூடியைத் திருகு போட்டு மாட்டுங்கள், சும்மா வைத்தால் சாக்கடைக் குழாய் வழியே ஏறிவரும் எலி அதைத் தள்ளிவிடும். கொல்லைக் கதவின் அடியில் அலுமினியப் பட்டை அடியுங்கள். வெறும் ரப்பர் பட்டை நிற்காது.

எந்த ஓட்டையை முதலில் அடைப்பது என்று தெரியாவிட்டால் சுவரோரத்தைப் பாருங்கள். எலி கூடத்தின் நடுவே நடக்காது, சுவரை உரசிக்கொண்டே போகும். ஒரே வழியில் போய்ப் போய்ச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு எங்கே முடிகிறதோ அங்கேதான் ஓட்டை. பொறியையும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் வைக்க வேண்டும். புதுப் பொருளைக் கண்டால் எலி இரண்டு மூன்று நாள் கிட்டே வராது. ஆகவே பொறியைப் பூட்டாமல் சும்மா திறந்து வைத்து, சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ போட்டுப் பழக்கிவிட்டு அப்புறம் பூட்டுங்கள். பிடித்த எலியை அடுத்த தெரு சாக்கடையில் விட்டுவிட்டு நிம்மதியாகத் திரும்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தெருக்காரரும் அதையேதான் செய்கிறார்.

மருந்தைப் பற்றி எழுதாமல் முடியாது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட்டை விற்கக் கூடாது என்று தமிழக அரசே சொல்லியிருக்கிறது. இருந்தும் நான் வேலைக்குப் போகிற வீடுகளில் அலமாரி மூலையில் அந்தக் குழல் கிடக்கிறது, பல நேரம் பற்பசைக் குழலுக்குப் பக்கத்திலேயே. குழந்தைகளுக்கு என்ன வித்தியாசம் தெரியும்? அந்த விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. உடம்புக்குள் போனவர் முதல் ஓரிரு நாள் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரிவார், அதற்குள் கல்லீரல் கெடத் தொடங்கிவிடும். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை என்று வீட்டிலேயே வைத்துக்கொண்டிருக்காமல், அந்தக் குழலையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்கு மருந்து வைத்த இரவில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்த செய்தியை எல்லோரும் படித்தோம். மருந்து வைத்த வீட்டில் கதவை மூடி, ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது என்பது அதற்குப் பிறகாவது நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு வகை, கேக் மாதிரி வரும் மருந்து. அதைத் தின்ற எலிக்கு ரத்தம் உறையாது. தின்ற இடத்திலேயே சாகாது, சில நாள் கழித்து எங்காவது மூலையில் போய்ச் சாகும். அந்த மூலை என்பது வழக்கமாக ஃபால்ஸ் சீலிங். அப்புறம் எனக்கு போன் வரும்: "ஏதோ வயர் கருகுற வாசனை அடிக்குது, சீக்கிரம் வாங்க." ஏணி போட்டு ஏறி டார்ச் அடித்தால் வயரெல்லாம் நன்றாக இருக்கும். மூக்கை மூடிக்கொண்டு நான் கீழே இறக்குவது வேறு. இதற்குக் கூலி எவ்வளவு கேட்பது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அந்த எலியைப் பூனையோ கூகையோ தின்றால் அதற்கும் ஆபத்து. எலியைத் தின்ன வரும் பிராணியைக் கொன்றுவிட்டு எலியை ஒழிக்க முடியுமா?

எங்கள் ஊருக்கென்று தனியாக ஒரு சங்கதி உண்டு. தஞ்சாவூரைச் சுற்றிப் புதிதாக முளைத்திருக்கும் நகர்களில் பல, சில வருடம் முன்புவரை நெல் விளைந்த நஞ்சை. நான்கு மனைக்கு ஒரு வீடு, மீதி இடமெல்லாம் புதர், அதைத் தாண்டினால் இன்னும் வயல். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரப்பிலுள்ள எலி வளைகளுக்குள் தண்ணீர் புகுந்தால் அந்த எலிகள் மேடான இடம் தேடி வரும். மேடு என்பது நம் வீடு. தை, மாசியில் சம்பாவும் தாளடியும் அறுத்த பிறகு வயலில் தீனி குறைந்ததும் இன்னொரு முறை வரும். இவை பரணில் ஓடும் வீட்டெலி போல இல்லை. மண்ணைத் தோண்டுபவை. படிக்கட்டின் அடியில், செப்டிக் டேங்க் ஓரத்தில், கார் நிறுத்தும் இடத்தின் கல்தளத்துக்குக் கீழே குடைந்து மண்ணை வெளியே குவிக்கும். நாஞ்சிக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு புது வீட்டில் எர்த் குழி தோண்டியிருந்த இடத்தை அப்படியே வளையாக்கி வைத்திருந்தன.

இதற்கு நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள். மூங்கிலை வில்லாக வளைத்துக் கயிறு கட்டிச் செய்யும் கிட்டியைத் தஞ்சாவூர்க் கிட்டி என்றே மற்ற ஊர்க்காரர்கள் சொல்வார்கள். சாயங்காலம் வயலில் கிட்டிகளை வைத்துவிட்டுப் போய், விடியலில் வந்து விழுந்த எலிகளை எண்ணி, எலிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள். எந்த வளையில் ஆள் இருக்கிறது, எது காலி என்பதை வாயில் கிடக்கும் மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். விஷம் கிடையாது, நாய் பூனைக்கு ஆபத்து கிடையாது. ஒரு நகரில் இருக்கும் பத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டு மழைக்கு முன்பு ஒரு முறை, அறுவடைக்குப் பின்பு ஒரு முறை அவர்களை அழைத்தால் போதும். எல்லோரும் தனித்தனியாக மருந்து வாங்கும் செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும். கிட்டி வைக்கிறவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள், வேலை கொடுத்தால்தானே இருப்பார்கள்.

கொல்லையில் தென்னை இருந்தால் எலி குரும்பையைக் கடித்துப் போடும். தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில், ஒரு முழத்துக்குக் குறையாத அகலத்தில் வழவழப்பான தகரத்தை மரத்தைச் சுற்றி அடித்தால் ஏற முடியாமல் வழுக்கிவிடும். ஆனால் அந்த மரத்தின் மட்டை பக்கத்து மரத்தையோ மொட்டை மாடியையோ தொட்டுக்கொண்டிருந்தால் தகரம் வீண். மாடியைத் தொடும் மட்டையை வெட்டிவிடுங்கள், தண்ணீர்த் தொட்டிக்கும் நல்லது. நாய்க்கு வைத்த சோற்றை இரவு முழுவதும் வாசலில் விட்டுவைக்காதீர்கள். சாக்கடை வழிந்து வாசலில் நிற்கும்போது கால் புண்ணோடு வெறுங்காலில் நடக்காதீர்கள், எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. மழை ஓய்ந்த பிறகு காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் டாக்டரிடம் சாக்கடைத் தண்ணீரில் நடந்ததைச் சொல்லுங்கள்.

மூஞ்சூறை மட்டும் விட்டுவிடுங்கள். நீள மூக்கோடு கீச்கீச்சென்று சுவரோரம் ஓடும் அது எலி இனமே இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்கிற பிராணி. நாற்றம் அடிக்கும், உண்மைதான். அது வயரைக் கடித்து நான் ஒரு வீட்டிலும் பார்த்ததில்லை.

மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. கட்டடம் முடிந்ததும் பார்வையிட வருகிற அதிகாரிகள் உயரம், அகலம், மழைநீர் சேமிப்பு எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அப்படியே வெளிச்சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்து குழாய் வாய்கள் பூசியிருக்கின்றனவா, சாக்கடை இணைப்பில் சல்லடை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். கால் மணி நேர வேலைதான்.

அது நடக்கும்வரை வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம். ஏசிக்காரரோ பிளம்பரோ, ஏன் என் போன்ற வயர்மேனோ வேலை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது, டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர்கள் சுவரில் போட்ட ஓட்டையைப் போய்ப் பாருங்கள். மூடிக்குப் பின்னால் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். செய்தித்தாள் தெரிந்தால் கூலியில் கொஞ்சம் நிறுத்தி வைத்து, சிமெண்ட் பூசிய பிறகு கொடுங்கள். இதைப் படித்துவிட்டு என் தொழில்காரர்கள் டீக்கடையில் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்,
தஞ்சாவூர்.