தேயிலை விலை ஏறவில்லை, குறைந்தது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேயிலைக்கு வரியை உயர்த்தியதால்தான் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மக்கள் கொதித்தெழுந்தார்கள் என்று பள்ளிகளில் இன்றும் சொல்லித்தரப்படுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் அளிக்கிறது. 1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டம் புதிய வரி எதையும் விதிக்கவில்லை. கடனில் மூழ்கிக்கொண்டிருந்த கிழக்கிந்தியக் கம்பெனியைக் கரையேற்றுவதற்காக, அது இங்கிலாந்தில் கட்ட வேண்டிய சுங்கத்தை விட்டுக்கொடுத்து, அமெரிக்கக் குடியேற்றங்களில் தன் முகவர்கள் வழியே நேரடியாக விற்கவும் அந்தச் சட்டம் இடமளித்தது. இதனால் தேயிலையின் விலை குறையவே செய்தது. ஆனால், பவுண்டுக்கு மூன்று பென்ஸ் என்ற பழைய வரி மட்டும் அப்படியே நின்றது. தாங்கள் ஒருவரைக்கூடத் தேர்ந்தெடுத்து அனுப்பாத பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தங்கள்மீது வரி விதிக்கலாமா என்பதே அவர்களின் கேள்வி; மலிவான தேயிலையை வாங்கினால் அந்த அதிகாரத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு, மூன்று கப்பல்களில் ஏறியவர்கள் 342 பெட்டிகளைக் கோடரியால் பிளந்து, தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது சீனத்துத் தேயிலை என்பதும் பலருக்குத் தெரியாது.

அந்த எதிர்ப்பு அமெரிக்க விடுதலைப் போராக வளர்ந்தது. அந்தப் போரில், 1781இல் யார்க்டவுனில் தோற்ற பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கிய காரன்வாலிஸ்தான், 1786இல் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவுக்கு வந்து, 1792இல் திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாகப் பிடித்தவர். திண்டுக்கல்லும் பாராமகாலும் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) கம்பெனியின் கைக்குப் போனது அந்த ஆண்டு திப்புவுடன் செய்த சீரங்கப்பட்டின உடன்படிக்கையில்தான். இதைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியில் விரிவான கட்டுரை ஒன்றை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திண்டுக்கல்