இதய வால்வுத் தொற்றிலிருந்து என் கணவரை மீட்டவர்களுக்கு நன்றி மடல்

மதிப்பிற்குரிய தொற்றுநோய்த் துறை மருத்துவர்களுக்கும், நுண்ணுயிரியல் ஆய்வகத்தாருக்கும், ஆராய்ச்சியாளர்களுக்கும் வணக்கம்.

என் கணவரின் இதய வால்வைப் பற்றியிருந்த கிருமித் தொற்று முற்றிலும் நீங்கிவிட்டது என்று சொல்லி, மருந்து ஏற்றுவதற்காகக் கையில் பொருத்தியிருந்த குழலையும் எடுத்துவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்கள். கைகூப்புவதைத் தவிர அன்று எனக்கு வேறெதுவும் சொல்ல வரவில்லை. அப்போது சொல்ல முடியாததை எல்லோரும் அறியும்படி சொல்ல வேண்டும் என்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். அறுவை சிகிச்சை செய்தவரின் பெயரை ஒரு குடும்பம் தலைமுறைக்கும் நினைவில் வைத்திருக்கும். எந்த மருந்தை, எந்த அளவில், எத்தனை வாரம் கொடுக்க வேண்டும் என்று இரவு பகலாக யோசித்தவரின் பெயரோ மருந்துச் சீட்டில் ஒரு கையெழுத்தாக மட்டுமே மிஞ்சுகிறது. அது நியாயமில்லை என்று எனக்குப் படுகிறது.

நீங்கள் முதன்முறை வந்து பார்த்தபோது, கோப்பில் ஏற்கெனவே எழுதியிருந்ததோடு நிறுத்திக்கொள்ளாமல் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து கேட்டீர்கள். அண்மையில் பல் சிகிச்சை நடந்ததா, தோலில் புண் ஏதும் இருந்ததா, எங்கெல்லாம் பயணம் போனார், வீட்டில் விலங்கு வளர்க்கிறோமா என்று நீண்ட அந்தக் கேள்விகளுக்கு இடையேதான், காய்ச்சலோடு கூடவே முதுகும் வலிப்பதாக அவர் சொன்னார். படுத்தே கிடப்பதால் வரும் வலி என்று நாங்கள் நினைத்திருந்த அதை நீங்கள் அப்படி விட்டுவிடவில்லை. ரத்தத்தில் கலந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற அந்தப் பாக்டீரியா வால்வோடு நின்றுவிடாமல் முதுகெலும்பு, மூட்டு, மண்ணீரல் என்று எங்கும் போய்த் தங்கக்கூடியது என்பதை விளக்கி, எம்.ஆர்.ஐ. எடுக்கச் செய்து, முதுகெலும்பிலும் தொற்று இருப்பதைக் கண்டறிந்தீர்கள். அந்த ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நாங்கள் ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஆய்வகத்தாருக்கு இந்த நன்றியில் பெரும்பங்கு உண்டு. மருந்து தொடங்குவதற்கு முன்பே வெவ்வேறு இடங்களிலிருந்து ரத்தம் எடுத்து, கிருமியைக் குப்பியில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பியது ஏன் என்று பயிற்சி மருத்துவர் ஒருவர் பொறுமையாக எனக்குச் சொன்னார்: மருந்து உள்ளே போய்விட்டால் கிருமி குப்பியில் வளராமலே போகலாம், பிறகு எதை எதிர்த்துப் போராடுகிறோம் என்பதே தெரியாமல் வைத்தியம் செய்ய நேரிடும். குப்பியில் கிருமி வளர்ந்ததும் நள்ளிரவிலேயே வார்டுக்குத் தொலைபேசியில் தகவல் வந்தது. கிருமியின் புரதங்களை லேசரால் பிரித்து, அவற்றின் எடையைக் கொண்டே அதன் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும் கருவி இப்போது இருக்கிறதாம். முன்பெல்லாம் அதற்கே இன்னொரு நாள் காத்திருக்க வேண்டுமாம். அதன் பின்னும் ரத்தத்தில் கிருமி அடியோடு இல்லை என்று உறுதியாகும் வரை மீண்டும் மீண்டும் கல்ச்சர் செய்தீர்கள். ரத்தம் சுத்தமான அந்த நாளிலிருந்துதான் ஆறு வாரக் கணக்கைத் தொடங்கினீர்கள்.

நான் மிகவும் நன்றியோடு நினைப்பது நீங்கள் ஒரு மருந்தை நிறுத்தியதை. சிறுவயதில் காய்ச்சலின்போது உடம்பில் தடிப்பு வந்ததால், என் கணவருக்குப் பெனிசிலின் அலர்ஜி என்ற குறிப்பு வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்து வந்திருந்தது. அதனால் முதலில் வான்கோமைசின் என்ற வேறு வகைக் கிருமிக்கொல்லி மருந்து கொடுக்கப்பட்டது. அவருக்கு வந்திருந்த கிருமியோ பெனிசிலின் குடும்ப மருந்துகளுக்குக் கட்டுப்படும் வகை. அவ்வகைக்கு வான்கோமைசினைவிட அந்த மருந்துகளே நன்றாக வேலை செய்யும். அலர்ஜி உள்ளவர்கள் என்று குறிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் பரிசோதித்துப் பார்த்தால் உண்மையில் அலர்ஜி இருப்பதில்லை என்று சொன்னீர்கள். தோலில் சோதித்து, பிறகு கண்காணிப்பில் வைத்துக்கொண்டே மருந்தை வாய்வழி கொடுத்துப் பார்த்து, அந்தக் குறிப்பை அவருடைய கோப்பிலிருந்து நீக்கினீர்கள். மருந்தை மாற்றினீர்கள். மேலும் மேலும் மருந்து சேர்ப்பதுதான் அக்கறை என்று எண்ணும் எங்களைப் போன்றோருக்கு, தேவையற்றதை எடுத்துவிட்டுச் சரியான ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதற்கு எவ்வளவு அறிவும் துணிவும் வேண்டும் என்பது அப்போது புரிந்தது. மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளால் நேரடியாக 2019-இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கும்போது, உங்கள் கட்டுப்பாடு நாங்கள் அறியாத நோயாளிகளையும் சேர்த்தே காக்கிறது.

1928-இல் பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்கின் தட்டில் பூஞ்சையைக் கண்டு ஒதுங்கியது இதே ஸ்டஃபைலோகாக்கஸ் இனம்தான் என்று உங்கள் ஆராய்ச்சியாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். பெனிசிலின் வருவதற்கு முன்பு இதய வால்வில் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே இறந்துபோனார்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். மருந்து கொடுத்த பிறகும் சில கிருமிகள் ரத்தத்தில் ஏன் நீடிக்கின்றன என்பதை அறிய, சுமார் 28 லட்சம் எழுத்துகள் கொண்ட அவற்றின் மரபணுத் தொகுதியை நீங்கள் வாசித்துவருகிறீர்கள். அதற்காக என் கணவரிடம் கூடுதலாக ஒரு குப்பி ரத்தம் கேட்டபோது, இதனால் அவருக்கு நேரடிப் பலன் கிடைக்காமல் போகலாம், மறுத்தாலும் சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்று தெளிவாகச் சொல்லி, யோசிக்க அவகாசமும் கொடுத்தீர்கள். அந்த நேர்மைக்காகத் தனியாக நன்றி. எந்த மருந்து மேலானது என்று நீங்கள் உறுதியாகச் சொல்ல முடிந்ததே, முன்பு இதே நோயில் படுத்தவர்களின் விவரங்களை ஒப்பிட்டுப் பார்த்ததால்தான். பெயர் தெரியாத அவர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஒவ்வொரு முறையும் கை கழுவிய பிறகே குழலைத் தொட்ட செவிலியர்களுக்கும், ரத்தத்தில் மருந்தின் அளவைக் கணக்கிட்டுச் சிறுநீரகத்தைக் காத்த மருந்தாளுநர்களுக்கும், அறையைத் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தவர்களுக்கும் எங்கள் வணக்கம்.

என் கணவர் இப்போது மாடிப்படி ஏறுகிறார், வேலைக்குப் போகிறார். பல் சிகிச்சைக்குப் போகும் முன் எங்களிடம் சொல்லுங்கள் என்று நீங்கள் எழுதிக்கொடுத்த அட்டையை எப்போதும் பையில் வைத்திருக்கிறார். மீதமிருக்கும் ரத்த மாதிரியை வருங்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று கடந்த பரிசோதனையின்போது கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
நீங்கள் மீட்டுத் தந்த ஒருவரின் மனைவி