ஹாம் சந்தையில் சந்தித்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை காலை ஜெர்மனியின் ஹாம் ரயில் நிலையத்தில் உம்மைக் கண்டதும், காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகிறீர் என்றுதான் நினைத்தேன். தமிழ் முகம், தோளில் பை, இறங்கியது ஹாமில். வேறு எதை நினைப்பது? ஒரு மணி நேரம் கழித்து அதே முகம் மத்திய அரங்கின் வாசல் வரிசையில், எனக்கு நான்கு பேர் முன்னால், குளிரில் கால்மாற்றி நின்றுகொண்டிருந்தது. சிரிப்பு வந்துவிட்டது. ஆண்டுக்கு நான்கு முறை நடக்கும் இந்த ஊர்வன, தவளைச் சந்தையில் நான் தமிழில் பேசியது அன்றுதான் முதல் தடவை.

மாலையில் பிரியும்போது, "இவ்வளவு தூரம் வந்து ஒன்றுமே வாங்காமல் போகிறீர்களே அண்ணா?" என்று கேட்டீர். எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. உம்முடைய தொலைபேசி எண்ணையும் வாங்க மறந்தேன். எனவே நாலு பேர் பார்க்க இங்கே எழுதுகிறேன். எப்படியாவது உம் கண்ணில் படும்.

முதல் தடவை நானும் வாங்கினேன். நான்கு லூகோ. வெனிசுவேலாப் பக்கத்து நச்சு அம்புத் தவளை, மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை, பெருவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய குஞ்சுகள். ஈரப் பாசி போட்ட டப்பாவை நெஞ்சோடு அணைத்தபடி வீட்டுக்குப் போனேன். கண்ணாடித் தொட்டி தயார், செடி தயார், விளக்குத் தயார். சாப்பாடு இல்லை! அசையும் சிறு பூச்சியைத் தவிர வேறெதையும் தின்னாத பிராணிக்குப் பழ ஈ வேண்டும் என்பது தெரியும். கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் ஞாயிறு. ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கிறது? திங்களும் அலைந்தேன். அந்த வாரத்திலேயே இரண்டு செத்தன. விற்றவர்மேல் குற்றமில்லை, பிழை முழுக்க என்னுடையது.

அடுத்த சந்தையில் ஒரு கிழவரிடம் இதைச் சொன்னேன். நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர், வீட்டு நிலவறை முழுக்கத் தவளை. அவர் மேசையில் இருந்த ஒரு சோடியைக் காட்டி விலை கேட்டேன். தர மாட்டேன் என்றார். பதிலாகப் பறக்க முடியாத பழ ஈக்கள் மொய்த்த ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கையில் திணித்தார். "இதை மூன்று மாதம் சாகாமல் வைத்திரு. பிறகு பேசுவோம்." கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் வளர்த்தேன். ஓட்ஸ் மாவும் வினாகிரியும் சேர்த்துக் குழைத்த கூழில் ஈ பெருகும் வாசனை எங்கள் குசினியில் நிரந்தரமாயிற்று. வீட்டுக்காரி என்னோடு பேசாத நாட்களும் உண்டு. மூன்று மாதம் கழித்துக் குவளையின் பேரப்பிள்ளைகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஆறு வாற்பேத்தை கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அந்த ஆறும் டிங்க் என்று நாங்கள் செல்லமாகச் சொல்லும் இனம், கயானாப் பக்கத்து நீலமும் மஞ்சளும் கலந்த தவளை. ஒன்றையொன்று தின்றுவிடும் என்பதால் தனித்தனிக் குவளையில் விட வேண்டும். தண்ணீரைத் தேநீர் நிறமாக்கி, பூஞ்சை பிடிக்காமல் காக்க ஒரு காய்ந்த இலையைப் போடச் சொன்னார். பொதியைப் பிரித்துப் பார்த்தால் நம்முடைய வாதுமை இலை! பள்ளிக்கூட முற்றத்தில் நாங்கள் கூட்டிக் குவித்து எரித்த இலைக்கு இங்கே விலை ஒட்டியிருந்தது. முட்டையிடும் வீடு இன்னும் வேடிக்கை: தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, விளிம்பில் எலிவளை அளவு வாசல் வெட்டி, அடியில் ஒரு சின்னக் கண்ணாடித் தட்டு. அதற்குள் போய்த்தான் அமேசான் காட்டுத் தவளை குடித்தனம் நடத்துகிறது.

இரண்டு மூன்று மாதத்தில் முன்கால் வெளியே வரும். அன்றைக்குக் குவளையைச் சரித்து வைக்க வேண்டும். ஏறி நிற்க இடமில்லையென்றால் தவளையே மூழ்கிச் சாகும். சிலவற்றுக்கு முன்கால் தீக்குச்சி போல வந்து உடம்பைத் தாங்காது. 'தீக்குச்சிக் கால்' என்றே இங்கே பெயர். என் ஆறில் ஒன்றுக்கு அப்படி ஆயிற்று.

இப்போது நீர் நெடுநேரம் நின்ற அந்த மேசைக்கு வருகிறேன். சிவப்பு உடல், நீலக் கால், ஒரே அளவில் வளர்ந்த பூமிலியோ என்னும் சிறு தவளைகள் பத்துப் பன்னிரண்டு, மலிவான விலை. அந்தத் தாய் ஒவ்வொரு பிள்ளைக்கும் கருவுறாத முட்டையை உணவாக இட்டு வளர்க்கிறவள், அவளுடைய வேலையை நாம் குவளையில் செய்வது மிகக் கடினம். வீட்டில் பிறப்பவை ஒன்றிரண்டாகத்தான் சேரும். மொத்தமாகக் கண்டால், காட்டில் பிடித்ததோ என்று சந்தேகித்து, பெற்றோர் எங்கே என்று கேளும். பெட்டியில் ஒட்டிய சீட்டில் 1.2.0 என்றிருந்தால் ஓர் ஆண், இரண்டு பெண், பால் தெரியாதது இல்லை. 'என்-செட்' (NZ) என்றால் வளர்ப்பில் பிறந்தது. அதை எழுத ஒரு பேனா போதும் என்பதையும் மறக்க வேண்டாம். நச்சு அம்புத் தவளைகள் 1987 முதல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ளன. பிறப்புத் தாள் இல்லாமல் கை நீட்ட வேண்டாம்.

இதில் எனக்குச் சொந்தக் கோபமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊர்ச் சந்தையில், மூக்கில் உருண்டை வைத்த பச்சை ஓணான் ஒன்றைப் பெட்டிக்குள் பார்த்தேன். இலங்கையின் ஈரவலயக் காட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பிராணி. வணிகத்துக்காக அதை ஏற்றுமதி செய்ய நம் நாடு விடுவதில்லை. எப்படி வந்தது என்று கேட்டேன். விற்பவர் பதில் சொல்லாமல் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். 2019இல் அந்த ஓணானும் அதன் உறவுகள் சிலவும் சைட்டிஸ் பட்டியலில் ஏறின. என்னைப்போல் அகதியாக வந்ததென்றால் அதற்கும் ஒரு தாள் இருந்திருக்கும் அல்லவா?

கையில் எடுத்தால் நஞ்சா என்றும் கேட்டீர். காட்டில் எறும்பும் மண்ணில் வாழும் சிற்றுண்ணியும் தின்று சேர்க்கும் நஞ்சு அது. பழ ஈ தின்று வளர்ந்ததிடம் கிடையாது. ஆனாலும் எடுக்க வேண்டாம். அது தண்ணீரைத் தோலால் குடிக்கிற பிராணி. நம் கையில் உள்ள சோப்பும் உப்பும் அதற்குத்தான் கேடு. தொட்டித் தண்ணீரைத் தோட்டத்திலும் ஊற்ற வேண்டாம். ஆசியாவிலிருந்து விலங்கு வணிகத்தோடு வந்ததாகக் கருதப்படும் தோல்பூஞ்சை ஒன்று, 2013இல் பெயரிடப்பட்டது, நெதர்லாந்தின் தெற்கில், பல்லி வடிவில் இருக்கும் தவளையுறவான நெருப்புச் சலமண்டர்களை ஏறக்குறைய துடைத்துவிட்டது. எங்கள் பக்கத்து எஸ்ஸன் நகரக் காடுகளிலும் அது வந்துவிட்டது.

அன்றைக்கு நான் வெறுங்கையோடு வரவில்லை, தம்பி. கிழவர் இப்போது தடியூன்றி வருகிறார். அவரிடமிருந்து போன வாற்பேத்தைகளின் பிள்ளைகளில் இரண்டை ஈரப் பாசியோடு அவரிடமே திருப்பிக் கொடுத்தேன். அவருடைய பழைய ஆண் செத்துவிட்டது. வண்டி நிறுத்துமிடத்தில் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். நீர் பார்க்காதது அது மட்டுந்தான்.

இதைப் படித்தால் எழுதும். நான் டோர்ட்மண்டில் இருக்கிறேன். குவளை ஈ எடுத்து வைத்திருக்கிறேன். வரும்போது இரண்டு சிரட்டை கொண்டு வாரும். தும்பைச் சுரண்டி, நன்றாகக் கொதிக்கவைத்து.

அன்புடன்,
வரிசையில் உமக்குப் பின்னால் நின்ற அண்ணன்