ஓவியம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் தோட்ட வடிவமைப்புக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 17ஆம் நூற்றாண்டு இயற்கைக் காட்சி ஓவியர் குளோட் லொரேனின் ஓவியங்களில் வரும் ஏரியும் பாலமும் கோயிலும் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஸ்டவர்ஹெட் தோட்டமாக எழுந்து நின்றதை அழகாகச் சொல்லியிருந்தீர்கள். ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஓவியம், ஓவியம்தான். தையலுக்கும் இசைக்கும் ஒரு பத்திகூட இல்லையே என்று மனசு கேட்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பல வருடங்களாக எம்பிராய்டரி போடுகிறவள். 17ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு அரண்மனைத் தோட்டம் ஒன்றின் படத்தைப் பார்த்ததும் என் கண்ணில் பட்டது கொடியும் சுருளுமான பூத்தையல். குட்டையாகக் கத்தரித்த பாக்ஸ் என்ற சிற்றிலைப் புதர்ச்செடிதான் நூல். இடையில் கொட்டிய செங்கல் தூளும் மணலும் துணி. அந்தப் பாத்திக்குப் பிரெஞ்சில் பெயரே 'பார்ட்டேர் த ப்ரோத்ரி', அதாவது பூத்தையல் பாத்தி. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால்தான் வடிவம் முழுசாகப் பிடிபடும். போட்ட பூவைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்ப்போமே, அந்த மாதிரி.

அப்புறம் இசை. ஓவியத்தை ஒரே இடத்தில் நின்று பார்த்துவிடலாம். தோட்டத்தில் நடக்க வேண்டும். ஒன்று கண்ணை விட்டு மறைந்த பிறகுதான் அடுத்தது வரும். இசையும் அப்படித்தானே நகர்கிறது? இங்கிலாந்தின் தோட்ட வடிவமைப்பாளர் ஜெர்ட்ரூட் ஜீக்கில் ஓவியம் பயின்றவர், பார்வை மங்கிய பிறகு தோட்டத்தில் முழுமூச்சாக இறங்கியவர். மன்ஸ்டெட் வுட் என்ற தன் வீட்டுத் தோட்டத்தில் அவர் போட்ட 200 அடி நீளப் பூவரிசை நீலம், வெள்ளை, வெளிர்மஞ்சள் என்று மெதுவாகத் தொடங்கும். நடுவில் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொதிக்கும். மறுபடி தணிந்து ஊதாவில் போய் முடியும். எனக்கு அது கீழ் ஸ்தாயியில் எடுத்து, மேல் ஷட்ஜத்தில் நின்று, நிதானமாக இறங்கும் ஆலாபனை.

ஆரஞ்சைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடுத்து வரும் நீலமும் சாம்பலும் கூடுதலாகத் துலங்கும் என்பது அவருடைய கணக்கு. என் தொட்டிகளை அந்த வரிசையில் மாற்றி வைத்துப் பார்த்தேன். ஆரஞ்சுச் சாமந்தியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பினால், வெளிறிக் கிடந்த சாம்பல் இலையில் நீலம் ஏறியிருந்தது! உரமும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை.

இசையிலிருந்து நேராகவே பிறந்த தோட்டமும் உண்டு. 1999இல் திறந்த டொரான்டோ மியூசிக் கார்டன், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் (Bach) செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்கு எழுதிய முதல் தொகுப்பை வைத்து அமைத்தது. செல்லோ கலைஞர் யோ-யோ மாவும் வடிவமைப்பாளர் ஜூலி மாய்ர் மெசர்வியும் சேர்ந்து உருவாக்கினார்கள். தொகுப்பில் 6 பகுதிகள், தோட்டத்திலும் 6. நதி போல வளையும் பாதையில் தொடங்கி, காட்டுப்பூக்களுக்கு நடுவே சுழன்று ஏறி, புல் படிகளில் வந்து முடிகிறது.

இந்தத் தோட்டத்தைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். எந்தப் பகுதிக்கு எந்தச் செடி என்று வரைபடமும் சேர்த்துப் போட்டால், பாட்டைக் கேட்டபடியே விரலால் நடந்து பார்ப்பேன்.

அன்புடன்,
ஒரு வாசகி