பக்கத்தில் யாரையாவது உட்கார வை

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை, காலையில் ரேஸ்கோர்ஸ் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறாள். ஹெல்சிங்கிக் குளிர் உனக்குப் பழகிவிட்டது என்று கேட்டதில் அவளுக்கு நிம்மதி.

எனக்குத்தான் நீ போனில் சொன்ன இன்னொன்று மனசில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. "ஜாவாவுல இத்தனை வருஷம் எழுதினவப்பா நான். இப்ப கிளோஜர்ல ஒரு சின்ன வேலைய முடிக்க நாள் கணக்கா ஆகுது. டீம்ல எல்லாரும் அமைதியா வேலை பார்த்துட்டு இருக்காங்க, போய்க் கேட்கக் கூச்சமா இருக்கு" என்றாய். நானும் ஜாவா என்ற புரோகிராமிங் மொழியிலிருந்து கிளோஜர் என்ற மொழிக்கு வந்தவன்தான். போனில் ரெண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன்னைப் படுத்தின அந்தப் பிரச்சினையை முடித்துவிடலாம். தட்டின வரியை உடனே ஓட்டி விடையைக் காட்டுகிற ரெப்பில் (REPL) தட்டினால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் மெயில் போகிறது, அதே ஃபங்ஷன், அதாவது அந்த வேலையைச் செய்கிற புரோகிராம் துண்டு, சர்வரில் ஓடும்போது ஒரு மெயிலும் போவதில்லை, பிழைச் செய்தியும் வருவதில்லை என்றாய். நீ மேப் (map) போட்டிருப்பாய், பட்டியலில் இருக்கிற ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபங்ஷனை ஓட்டி விடைகளைத் தருவது அது. மேப் உடனே எதையும் செய்யாது. யாராவது விடையைக் கேட்கும்போதுதான் வேலையை ஆரம்பிக்கும். ரெப் விடையைத் திரையில் காட்டியாக வேண்டும், அதனால் அது கேட்கிறது, மெயில் போகிறது. சர்வரில் அந்த வரி உன் ஃபங்ஷனின் நடுவில் கிடக்கிறது. அதன் விடையைக் கேட்க ஆளில்லை, அப்படியே வீணாகப் போகிறது. மேப்பை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் உடனே செய்துவிடுகிற டூசெக் (doseq) போடு, சரியாகிவிடும். விடை வேண்டும் என்றால் மேப். வெளியே ஏதாவது நடக்க வேண்டும், அதாவது மெயில் போக வேண்டும், ஃபைலில் எழுத வேண்டும் என்றால் டூசெக்.

ஏற்கெனவே இதில் மாட்டி எழுந்தவர் யாரிடம் கேட்டிருந்தாலும் காபி ஆறுவதற்குள் சொல்லியிருப்பார். நீ தேடிப் பார்த்தும் கிடைக்கவில்லை என்றாய். எப்படிக் கிடைக்கும்? பிழைச் செய்தியே இல்லாத பிழையை எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுவது? இந்த மாதிரி விஷயம் மனிதர்களிடம்தான் இருக்கிறது.

அனுபவம் இருந்தும் தடுமாறுகிறோமே என்று நீ வருத்தப்படுகிறாய். அனுபவம் இருப்பதால்தான் தடுமாறுகிறாய், கண்ணு. ஜாவாவில் அடைப்புக்குறி ஒன்று கூடுதலாகப் போனால் நஷ்டம் ஒன்றுமில்லை, தெளிவுக்காகவே போடுவோம். கிளோஜரில் அடைப்புக்குறி என்றால் 'இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு' என்று அர்த்தம். ஒன்றையும் இரண்டையும் கூட்டுகிற வரியைச் சுற்றி இன்னொரு அடைப்புக்குறி போட்டால், அது மூன்று என்ற எண்ணைப் பிடித்து ஃபங்ஷனாகக் கூப்பிடப் பார்க்கும். லாங்கை (எண்ணை) ஐ-எஃப்-என் (ஃபங்ஷன்) ஆக மாற்ற முடியாது என்று ஒரு பிழை வரும். முதல் மாதத்தில் அதைப் பார்க்காத ஆளே கிடையாது. புதிதாக புரோகிராமிங் கற்க வருகிறவருக்கு அந்தக் கூடுதல் அடைப்புக்குறியைப் போடுகிற பழக்கமே இருக்காது. நம் விரல்களுக்கு இருக்கிறது.

இதாவது கத்தித் தன்னைக் காட்டிக்கொள்ளும் பிழை. கத்தாதவைதான் அதிகம். பெங்களூரில் என் பக்கத்து சீட்டில் ஒருத்தர் இருந்தார், ஜாவாவில் கெட்டிக்காரர். பணம் பாக்கி வைத்திருப்பவர்களை மட்டும் பொறுக்கி, அவர்கள் பாக்கியைக் கூட்ட வேண்டும். அவர் ஆரம்பத்திலேயே ஒரு ஆட்டம் (atom, உள்ளே இருக்கிற மதிப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய பெட்டி மாதிரி) உருவாக்கி அதில் பூஜ்யத்தை வைப்பார். அப்புறம் டூசெக்கில் ஒவ்வொரு வாடிக்கையாளராக எடுத்து, உள்ளே 'பாக்கி இருந்தால்' என்று ஒரு வென் (when) போட்டு, ஸ்வாப் செய்து (மதிப்பை மாற்றி) மாற்றி அந்த ஆட்டத்தில் தொகையை ஏற்றிக்கொண்டே போவார். கடைசியில் அதைத் திறந்து பார்த்தால் மொத்தத் தொகை இருக்கும். விடை சரி. டெஸ்ட் எல்லாம் பச்சை. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அவர் எழுதியது கிளோஜரின் எழுத்தில் ஜாவா. அது அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஒரு நாள் எங்கள் டீம் பெண் ஒருத்தி அவர் தட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்று, "அந்த ஆட்டம் எதுக்கு சார்?" என்றாள். "தொகையை எங்கயாவது வைக்கணுமில்ல?" என்றார். "ஏன் வைக்கணும்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் கையை எடுத்துவிட்டு யோசித்தார். அப்புறம் அவள் சொல்லச் சொல்ல அவரே தட்டினார்: ஃபில்டரில் பாக்கிக்காரர்களை எடு, மேப்பில் தொகையை எடு, ரீட்யூஸில் கூட்டு. மூன்று வரி. எங்கேயும் எதையும் மாற்றவில்லை, வைக்கவில்லை, திறக்கவில்லை.

இப்படி எதையும் மாற்றாமல் ஃபங்ஷன்களைக் கோத்து எழுதுகிற ஃபங்ஷனல் புரோகிராமிங்கில் கற்கிற பாதி இதுதான், அம்மிணி. பழைய பழக்கம் தப்பான விடை தராது, சரியான விடையே தரும், அதனால் அது பழக்கம் என்றே நமக்குப் படாது. இன்னொரு ஜோடிக் கண் வேண்டும்.

எழுதினதை டீமில் இன்னொருத்தர் ரிவ்யூவில் பார்க்கிறார்களே என்று நீ கேட்கலாம். ரிவ்யூவில் பார்ப்பது எழுதி முடித்த புரோகிராமை. தட்டில் வந்த பரோட்டாவைப் பார்த்து மாவை எப்படி வீசினார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? மாஸ்டர் பக்கத்தில் நின்று கையைப் பார்த்தால்தான் தெரியும். நீ எங்கே நின்றாய், எதை முதலில் தட்டினாய், எதை அழித்தாய், ரெப்பில் சின்னச் சின்னதாக ஓட்டிப் பார்க்கிறாயா அல்லது முழுவதையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரே தடவை ஓட்டுகிறாயா, இதெல்லாம் ரிவ்யூவில் வராது. கிளோஜரில் எது முக்கியமோ அது எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

லண்டன் கிளோஜர்காரர்கள் இதற்காகவே டோஜோ என்று கூடுவார்கள். ஒரு சின்னக் கணக்கை எல்லோருமாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு பேராகப் பிரிந்து, குழுவுக்கு ஒரு லாப்டாப் என்று உட்கார்ந்து எழுதுவது. கடைசியில் முடித்ததோ முடிக்காததோ ஒவ்வொரு குழுவும் எழுந்து காட்ட வேண்டும். முடிக்காததையும் காட்டச் சொல்வதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. புரோகிராமிங்குக்குப் புதிதாக வரும் பெண்களுக்காக கிளோஜர்பிரிட்ஜ் என்று ஒரு இலவசப் பட்டறையும் 2014-ல் தொடங்கியது. வெள்ளி சாயங்காலம் எல்லோர் லாப்டாப்பிலும் மென்பொருளை நிறுவிக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவார்கள். உன் ஊரிலும் நடந்திருக்கிறது. விசாரித்துப் பார். கற்கப் போக வேண்டாம், சொல்லித் தரப் போ. நீ இப்போதுதான் மாட்டிய இடம் எல்லாம் உனக்கு நினைவில் இருக்கிறது. பத்து வருஷம் எழுதினவருக்கு அது மறந்தே போயிருக்கும்.

ஃபோர்கிளோஜர் என்று ஒரு பயிற்சித் தளம் இருந்தது, 2021-ல் மூடிவிட்டார்கள். அந்தக் கணக்குகளை ஆர்வலர்கள் வேறு வடிவில் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதன் அழகு என்னவென்றால், ஒரு கணக்கை நீ போட்டு முடித்த பிறகு, நீ பின்தொடர்கிற ஆட்கள் அதே கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று பார்க்கலாம். ஒன்று சொல்கிறேன். ஒரு லிஸ்டைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், ரிவர்ஸ் ஃபங்ஷனைத் தொடக் கூடாது. ஜாவாக்காரர் லூப் போட்டு, இன்டெக்ஸ் வைத்து, கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து எட்டுப் பத்து வரி எழுதியிருப்பார். பக்கத்து ஆளின் விடையைத் திறந்தால் இன்ட்டு (into, ஒன்றில் இருப்பதை எல்லாம் இன்னொன்றில் சேர்ப்பது), ஒரு வெற்று லிஸ்ட், அவ்வளவுதான். எப்படி? இன்ட்டு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது கான்ஜ் (conj) மாதிரிதான்; கான்ஜ் வெக்டர் என்ற வரிசையில் கடைசியில் சேர்க்கும், லிஸ்டில் முன்னால் சேர்க்கும். முன்னால் முன்னால் சேர்த்துக்கொண்டே போனால் வரிசை தானே திரும்பிவிடும். கான்ஜ் ஏன் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் என்று எரிச்சல்பட்டவருக்கு, எந்தப் பக்கம் செலவில்லையோ அந்தப் பக்கம் சேர்க்கிறது என்பது அந்த ஒரு வரியில் புரிந்துபோகும்.

கேட்பது எப்படி என்று தெரிந்தால் கூச்சம் பாதி குறையும். ஜாவாவில் உதவி கேட்பது பெரிய வேலை: சர்வர், டேட்டாபேஸ், பாதி நிரம்பின ஆப்ஜெக்ட் என்று எல்லாவற்றையும் எழுப்பிக் காட்டினால்தான் பிழை வரும். இங்கே ஒரு சுத்தமான ஃபங்ஷனுக்கு அதற்குள் போவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. டேட்டாவும் வெறும் மேப் (இது முன்னால் சொன்ன ஃபங்ஷன் இல்லை, பெயரும் மதிப்புமாக ஜோடி ஜோடியாக வைப்பது), வெக்டர். அப்படியே காப்பி செய்து அனுப்பலாம். இது ஃபங்ஷன், இதைக் கொடுத்தேன், இது வரும் என்று நினைத்தேன், இது வந்தது. நான்கு வரி. எதிராளி தன் ரெப்பில் ஒட்டி ஓட்டினால் உனக்கு வந்த அதே விடை அவருக்கும் வரும். டேட்டா மாறாது என்பதால் சந்தேகத்தையும் உடையாமல் கை மாற்றிவிட முடிகிறது. கேள்வி கேட்பதற்கென்றே செய்து வைத்த மாதிரி ஒரு மொழி கையில் இருக்கும்போது, வாயை மூடிக்கொண்டு உட்காருவது எனக்குத் தாங்கவில்லை.

அந்த நான்கு வரியாகச் சுருக்குகிறபோதே பாதி நேரம் விடை தெரிந்துவிடும், அது வேறு. சுருக்க முடியவில்லை என்றால் ஃபங்ஷன் சுத்தமாக இல்லை, உள்ளே எங்கேயோ டேட்டாபேஸைத் தொடுகிறது என்று புரிந்துகொள்.

புதியவர்கள் கேட்பது வீண் தொந்தரவு என்று நினைக்காதே. கிளோஜரின் பிழைச் செய்திகள் புரியவில்லை என்று வருஷா வருஷம் கணக்கெடுப்பில் ஜனங்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2018 டிசம்பரில் வந்த 1.10 பதிப்பில் பிழைச் செய்தி காட்டுகிற முறையைச் சீர்படுத்தினார்கள். இன்னும் போக வேண்டிய தூரம் இருக்கிறது, ஆனால் அந்த அளவுக்காவது நகர்ந்ததில் புரியவில்லை என்று வெட்கப்படாமல் சொன்னவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்பேன்.

இந்த மொழியை உருவாக்கிய ரிச் ஹிக்கி கைக்காசைப் போட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் தனியாக உழைத்து, 2007-ல் வெளியிட்டார். 2010-ல் நடந்த முதல் கிளோஜர் கான்ஜ் மாநாட்டில் அவர், கம்ப்யூட்டரை விட்டு எழுந்து வலை ஊஞ்சலில் படுத்து நன்றாக யோசியுங்கள் என்று பேசினார். அது நல்ல பேச்சு. ஒரு சிஸ்டத்தை வடிவமைக்கும்போது நீயும் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் கண்ணில் படாத ஒன்றை எவ்வளவு நேரம் படுத்து யோசித்தாலும் கண்ணில் படப் போவதில்லை. அவரும் வெறும் கையோடு தொடங்கவில்லை. 1958-ல் ஜான் மெக்கார்த்தி ஆரம்பித்த லிஸ்ப் என்ற மொழி அடியில் இருக்கிறது. எதையுமே மாற்றாமல் புதிது புதிதாக உருவாக்கினால் மெமரி என்னாவது என்று நீ கேட்டாயே, அதற்கான விடை ஃபில் பேக்வெல் என்பவர் வடிவமைத்த, டேட்டாவைக் கிளை கிளையாக அடுக்கி வைக்கிற மரத்திலிருந்து வந்தது. ஒவ்வொரு கணுவிலும் 32 கிளை. நான்கே படியில் 10 லட்சத்துக்கு மேல் இடம் இருக்கிறது. 10 லட்சத்தில் ஒன்றை மாற்றினால் அந்த வழியில் இருக்கிற நான்கு கணுக்கள் மட்டும் புதிது, மீதி எல்லாம் பழையதையே பகிர்ந்துகொள்ளும். பேக்வெல் செய்த மரத்தில் மதிப்பை அதே இடத்தில் மாற்றலாம். ஹிக்கி அதை மாறாத மரமாக ஆக்கினார்.

இன்னொன்று. கொஞ்ச நாளில் உன்னிடமும் யாராவது கேட்க வருவார்கள். அப்போது கீபோர்டை அவர்கள் கையிலேயே விடு. நீ வாங்கித் தட்டினால் வேலை சீக்கிரம் முடியும், அவர்களுக்கு ஒன்றும் ஒட்டாது. பத்து ஃபங்ஷனை ஒரே வரியில் கோத்து விடையைக் காட்டி அசத்தாதே. அப்படி அசத்துகிறவர்களால் கிளோஜரை விட்டே ஓடினவர்களை எனக்குத் தெரியும், அதில் எனக்குக் கோபம் உண்டு. மேக்ரோ (புரோகிராமே புரோகிராமை எழுதுவது) என்ற பேச்சையே ஆறு மாதத்துக்கு எடுக்காதே. அவர்கள் எழுதின லூப்பை அழிக்கச் சொல்லாமல் முதலில் அதை ஓட வைத்துக் கொடு, அப்புறம் ரீட்யூஸ் பக்கம் போகலாம். விடை தெரியாவிட்டால் ரெப்பைத் திறந்து ரெண்டு பேருமாகத் தட்டிப் பாருங்கள். அது சொல்லித் தருவதை விட நல்லது.

சரி, இப்போதைக்கு ஒரு காரியம் செய். திங்கட்கிழமை ஆபீஸ் போனதும், அந்த அமைதியான டீமில் உனக்குக் கொஞ்சமாவது பழக்கமானவரிடம் போய், "ஒரு மணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்க்க முடியுமா?" என்று கேள். உதவி வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வது என்று தெரியாது; நேரத்தையும் வேலையையும் சொல்லிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். பேசாதவர்கள் உன்னை எடை போடுகிறார்கள் என்று நீயாக நினைத்துக்கொள்ளாதே. நீ கேட்காததால் உனக்கு எல்லாம் தெரியும் என்றுகூட அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் நேரம் இருக்கிறது. உனக்குக் காலை பத்து மணி என்றால் இங்கே மத்தியானச் சாப்பாடு முடிந்திருக்கும். ஸ்கிரீனைப் பகிர்ந்துகொண்டு, அந்த மெயில் அனுப்புகிற ஃபங்ஷனையே முதல் வரியிலிருந்து திரும்ப எழுது. நான் நடுவில் பேசவில்லை, பார்க்கிறேன். அம்மா உன்னிடம் பேச வேண்டும் என்று அவசரப்படுவாள், அவளிடம் பதினொரு மணிக்கு என்று சொல்லி வைக்கிறேன். பருப்புப் பொடியும் சுக்குக் காபித் தூளும் பார்சலில் போட்டிருக்கிறது, வந்ததும் சொல்.

அன்புடன்,
அப்பா